முருங்கையில் கம்பளிப்பூச்சி... தென்னையில் நத்தைப்புழு... கையும் கண்ணும் பத்திரம்!

மழை பெய்து பத்துப் பதினைந்து நாள் ஆனதும் முருங்கை மரத்தின் அடியில் கரும்பழுப்பு நிறத்தில் கம்பளியைச் சுற்றிவிட்டதுபோல் கூட்டமாக ஒட்டிக் கிடக்கும் பூச்சியைப் பார்க்காத கிராமத்து வீடு கிடையாது. கீரை ஒடிக்கப் போனவருக்கு முழங்கை வரை தடிப்பு. மரத்தடியில் விளையாடிய பிள்ளைக்குக் கழுத்தெல்லாம் அரிப்பு. தென்னையில் ஓலை வெட்ட ஏறியவர், ‘ஷாக் அடித்த மாதிரி இருக்கு’ என்று பாதி மரத்தில் கையை உதறுகிறார். ‘சுண்ணாம்பு தடவு, சரியாயிடும்’ என்று சொல்லிவிட்டு எல்லோரும் அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுவதுதான் வழக்கம்.

பெரும்பாலும் சரியாகித்தான் விடுகிறது. ஆனால், அதே ரோமம் கண்ணுக்குள் போனால் கதை வேறு. மரத்தின் பாதி உயரத்தில் இருப்பவருக்குத் திடீரென்று கை எரிந்தால் அதன் ஆபத்தும் வேறு. இன்னொரு பக்கம், ‘இந்தப் புழு தொட்டாலே சாவு’ என்று செல்போனில் வரும் படத்தைப் பார்த்துவிட்டு, வயலுக்குப் போகவே பயப்படுபவர்களும் இருக்கிறார்கள். தேவையில்லாத பயம், தேவையில்லாத அலட்சியம் இரண்டையும் விலக்கிவிட்டு, இந்தப் புழுக்களைப் பற்றி ஒரு விவசாயக் குடும்பம் தெரிந்து வைத்திருக்க வேண்டிய விஷயங்களைப் பார்ப்போம்.

கடிப்பதில்லை... குத்துகிறது!

‘கம்பளிப்பூச்சி கடித்துவிட்டது’ என்று சொல்வது பேச்சு வழக்கு. உண்மையில் எந்தக் கம்பளிப்பூச்சியும் மனிதர்களைத் தேடி வந்து கடிப்பதில்லை. அதன் வாய் இலையைக் கடிப்பதற்கு மட்டும்தான். நம்மைச் சுடுவது அதன் உடம்பில் உள்ள முள்ளும் ரோமமும். பறவை, ஓணான் போன்ற எதிரிகளிடமிருந்து தப்பிக்க இயற்கை கொடுத்த வேலி அது. இலங்கைத் தமிழர்கள் இதை ‘மயிர்க்கொட்டி’ என்பார்கள். கொட்டுவது மயிர்தான் என்பதை அந்தப் பெயரே சொல்லிவிடுகிறது.

இந்த வேலி இரண்டு வகை. முதல் வகை, உள்ளே குழாய்போல் துளை உள்ள முள். முள்ளின் அடியில் நஞ்சுப் பை இருக்கும். தோலில் குத்தியதும் நுனி உடைந்து, ஊசி போடுவதுபோல் நஞ்சு உள்ளே இறங்கும். பட்ட அந்த நொடியே சுரீர் என்று எரியும். தென்னையில் வரும் நத்தைப்புழு இந்த வகை.

இரண்டாவது வகை, எளிதில் உதிரும் நுண்ரோமம். இதில் நாம் கண்ணால் பார்க்கும் நீள முடியைவிட, அதற்கு இடையில் இருக்கும் மிகச் சிறிய முடிகளே ஆபத்தானவை. சில இனங்களில் ஒரு முடியின் நீளம், ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குதான் இருக்கும். அம்பு முனைபோல் கூரான இந்த முடிகள் தோலில் ஏறினால், உள்நோக்கித்தான் நகரும். தானாக வெளியே வராது. பட்டவுடன் பெரிதாக ஒன்றும் தெரியாது. சிறிது நேரம் கழித்து அரிப்பு, பிறகு சிவந்த தடிப்பு. சொறியச் சொறிய மற்ற இடங்களுக்கும் பரவும். அரிப்பு ‘ஊர்ந்து போகிறது’ என்று சொல்வது இதனால்தான். நம் விரலே ரோமத்தைச் சுமந்து போய் மற்ற இடங்களில் குத்திவிடுகிறது.

ரோமம் சுடுவதற்குப் புழு உயிரோடு இருக்க வேண்டும் என்பதில்லை. செத்த புழு, உரித்துப் போட்ட தோல், கூடு எல்லாவற்றிலும் ரோமம் அப்படியே இருக்கும். ஆமணக்கு, மாதுளையில் வரும் கம்பளிப்புழுவின் பேரினத்தைச் சேர்ந்த ‘பிரவுன்டெயில்’ என்ற அந்துப்பூச்சி, அமெரிக்காவின் மெயின் மாநிலத்தில் பெரிய தொல்லை. அதன் புழு உதிர்த்த ரோமம் மண்ணிலும் சருகிலும் ஒன்று முதல் மூன்று ஆண்டுகள் வரை வீரியத்தோடு இருக்கும் என்று அங்கே மக்களை எச்சரிக்கிறார்கள். ‘புழுவே இல்லையே, எப்படி அரிக்கிறது?’ என்று நம் தோட்டத்தில் எழும் கேள்விக்கும் இதுதான் பதில்.

தோட்டத்தில் யார், யார்?

நம் பகுதியில் அதிகம் சந்திக்க வேண்டியவை மூன்று கூட்டம்.

முருங்கைக் கம்பளிப்புழு: பெரிய புழு, உடல் முழுக்கப் பழுப்பு ரோமம். பகலில் தண்டின் மேல் கூட்டமாக ஒட்டிக்கொண்டு, பட்டையைச் சுரண்டித் தின்னும். இரவில் மேலே ஏறி இலையை மொட்டையடிக்கும். மழைக்குப் பிறகு மண்ணிலிருந்து வெளிவரும் அந்துப்பூச்சிகள், இளந்தண்டிலும் இலையிலும் குவியலாக முட்டையிடும். அதனால்தான் மழைக்காலத்தை ஒட்டி இதன் தொல்லை அதிகம். அரவக்குறிச்சி, மூலனூர் பக்கம் முருங்கை வைத்திருப்பவர்களுக்கு மட்டுமல்ல, வீட்டுக்கொல்லையில் ஒற்றை மரம் வைத்திருப்பவர்களுக்கும் இது தெரிந்த விருந்தாளி.

ஆமணக்குக் கம்பளிப்புழு: செம்பழுப்பு உடல், சிவந்த தலை, தலையைச் சுற்றி வெள்ளை ரோமம், பின்பக்கம் ஒரு நீளக் குஞ்சம். ஆமணக்கு, மாதுளை, ரோஜா, துவரை, மா எனப் பல பயிர்களில் வரும். பார்ப்பதற்குச் சின்னதாக இருந்தாலும், நுண்ரோமத்தால் அரிப்பைக் கொடுப்பதில் கெட்டிக்காரப் புழு இது. தாய் அந்துப்பூச்சி தன் வயிற்று ரோமத்தை உதிர்த்து முட்டைக் குவியலைப் போர்த்தி வைக்கும். எனவே, இலையில் பஞ்சுபோல் இருக்கும் முட்டைக் குவியலையும் வெறுங்கையால் தொடக் கூடாது.

நத்தைப்புழு: தென்னை, ஆமணக்கு, மா, வாழை, மாதுளை, கொக்கோ, ரோஜா ஆகியவற்றில் வரும். இளம்பச்சை உடலில் நீலக் கோடு, வரிசையாகச் சின்னச் சின்ன முட்குச்சங்கள் என்று பார்க்க அழகாக இருக்கும். கால்கள் வெளியே தெரியாது. நத்தைபோல் வழுக்கிக்கொண்டே நகரும். இலையின் அடிப்பக்கத்தில் பச்சையோடு பச்சையாக ஒட்டியிருப்பதால், கை வைக்கும் வரை கண்ணில் படாது. இளம் புழுக்கள் கூட்டமாக இருந்து பச்சையத்தைச் சுரண்டும். வளர்ந்தவை ஓலையின் ஈர்க்கை மட்டும் விட்டுவிட்டு மீதியைத் தின்றுவிடும். தாக்குதல் அதிகமானால் மட்டைகள் தீயில் கருகியதுபோல் தெரியும். புழுப்பருவம் ஐந்தாறு வாரம் நீடிக்கும். பிறகு தண்டிலும் மட்டை அடியிலும் சாம்பல் கலந்த பழுப்பு நிறத்தில், கொட்டை போன்ற கெட்டியான கூடு கட்டும். அந்தக் கூட்டின் மேலும் முட்கள் ஒட்டியிருக்கும்.

இவை தவிர, மானாவாரி நிலக்கடலையில் முதல் கனமழைக்குப் பிறகு வரும் சிவப்புக் கம்பளிப்புழு உண்டு. அது பயிருக்குத்தான் பெரிய எதிரி. கையால் பொறுக்குபவர்களில் தோல் மென்மையாக உள்ளவர்களுக்கு அரிப்பு வரலாம். மற்றபடி நத்தைப்புழு அளவுக்கு அது சுடுவதில்லை.

பயப்பட வேண்டாத புழுக்கள்

தோற்றத்தைப் பார்த்து எல்லாப் புழுவையும் நசுக்கிவிடக் கூடாது. கறிவேப்பிலை, எலுமிச்சையில் இருக்கும் வழவழப்பான பச்சைப் புழு, தொட்டால் தலையிலிருந்து கொம்பு மாதிரி ஒன்றை நீட்டி நாற்றம் விடும்; அவ்வளவுதான், அது சுடாது. எள் செடியில் பின்பக்கம் கொம்போடு விரல் பருமனுக்கு இருக்கும் பச்சைப் புழு, பார்க்கப் பயங்கரமாக இருந்தாலும் அந்தக் கொம்பில் நஞ்சு கிடையாது. எருக்கஞ்செடியில் கறுப்பு, மஞ்சள், வெள்ளைப் பட்டைகளோடு இருப்பது வண்ணத்துப்பூச்சியின் புழு, அதுவும் குத்தாது. பட்டுப்புழுவை எல்லோரும் கையிலேயே எடுக்கிறோம். பொதுவாக, ரோமமோ முள்ளோ இல்லாத புழு சுடாது. ரோமம் உள்ளவற்றிலும் எல்லாம் சுடுவதில்லை. ஆனால் எது சுடும், எது சுடாது என்று தொட்டுப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. குழந்தைகளுக்கு ‘முடி இருந்தா தொடாதே’ என்று சொல்லிக் கொடுத்தால் போதும்.

‘தொட்டால் ஐந்து நிமிடத்தில் சாவு’ - உண்மையா?

2022-ம் ஆண்டு, பருத்தி வயலில் இருக்கும் ஒரு முட்புழுவின் படமும், வயலில் இறந்து கிடப்பவர்களின் படமும் சேர்ந்து வாட்ஸ்அப்பில் சுற்றின. ‘இந்தப் புழு பட்டால் ஐந்து நிமிடத்தில் உயிர் போய்விடும்’ என்ற குரல் பதிவும் கூடவே வந்தது. மகாராஷ்டிரா, கர்நாடகாவில் பருத்தி எடுக்கப் போகவே பலர் தயங்கினார்கள். விசாரித்தபோது, படத்தில் இருந்தவர்கள் மகாராஷ்டிராவில் மின்னல் தாக்கி இறந்தவர்கள் என்று தெரிந்தது. புழு, நத்தைப்புழுக் குடும்பத்தைச் சேர்ந்தது. அது பட்டால் கடுமையான எரிச்சலும் தடிப்பும் வரும்; அந்தப் படங்களில் இருந்த சாவுக்கும் அதற்கும் சம்பந்தம் கிடையாது.

உயிரைப் பறிக்கும் கம்பளிப்புழு உலகத்தில் இல்லாமல் இல்லை. தென் அமெரிக்காவில் ‘லோனோமியா’ என்ற புழு இருக்கிறது. மரத்தண்டில் பட்டை நிறத்திலேயே கூட்டமாக ஒட்டியிருக்கும். தெரியாமல் கை வைத்துச் சாய்ந்தால், அதன் நஞ்சு ரத்தம் உறையும் தன்மையைக் கெடுத்து, உடலுக்குள் ரத்தக் கசிவையும் சிறுநீரகப் பாதிப்பையும் உண்டாக்கும். 1989-ம் ஆண்டிலிருந்து தெற்கு பிரேசிலின் விவசாயப் பகுதிகளில் இது பெரிய பிரச்னையானது. பாம்புக்கடி மருந்துக்குப் பேர்போன சாவ் பாவ்லோவின் புடான்டான் நிறுவனம், 1990-களில் இதற்கென்றே தனி நஞ்சு முறிவு மருந்தைத் தயாரித்தது. அதே நாட்டின் அமேசான் பகுதியில் ரப்பர் பால் எடுப்பவர்களுக்கு ‘பரராமா’ என்ற புழுவின் ரோமம் திரும்பத் திரும்பப் பட்டு, விரல் மூட்டுகள் நிரந்தரமாக விறைத்துப் போவதும் உண்டு. இவை இரண்டும் நம் ஊர் இனங்கள் அல்ல.

ஆக, நம் தோட்டத்துப் புழு பட்டதால் உயிர் போய்விடும் என்று பயப்பட வேண்டியதில்லை. நாம் கவனமாக இருக்க வேண்டியவை நான்கு: ரோமம் கண்ணில் படுவது, வாயிலோ மூச்சிலோ போவது, ஒரு சிலருக்கு ஏற்படும் கடுமையான ஒவ்வாமை, மரத்தில் இருக்கும்போது பட்டு, பிடி தவறி விழுவது.

பட்டுவிட்டால்... முதல் பத்து நிமிடம்

ரோமம் பட்டதும் நம் கை தானாகச் செய்யும் காரியம், தேய்ப்பது. அதைத்தான் செய்யவே கூடாது. தேய்த்தால் மேலே ஒட்டியிருக்கும் ரோமமும் உள்ளே ஏறிவிடும்.

புழு உடம்பிலேயே இருந்தால், நசுக்காமல் ஒரு குச்சியாலோ இலையாலோ மெல்லத் தள்ளிவிட வேண்டும்.

பிறகு, ஒட்டும் டேப் வேண்டும். செல்லோடேப், காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்திரி எதுவாக இருந்தாலும் சரி. பட்ட இடத்தில் லேசாக ஒட்டி, மேல்நோக்கி உரித்து எடுக்க வேண்டும். ஒருமுறை பயன்படுத்திய துண்டைத் திரும்ப ஒட்டாமல், புதுத்துண்டாக நான்கைந்து முறை செய்தால், கண்ணுக்குத் தெரியாத ரோமம்கூட டேப்போடு வந்துவிடும். அதன் பிறகு சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் கழுவ வேண்டும். தானாக உலரவிடுவது நல்லது. துண்டால் அழுத்தித் துடைக்கக் கூடாது.

எரிச்சலுக்கு, ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றிப் பத்து நிமிடம் வைத்து எடுக்கலாம். ஐஸ் இல்லாத இடத்தில் பானைத் தண்ணீரில் நனைத்த துணி போதும். மருந்துக்கடையில் கிடைக்கும் கலமைன் லோஷன் அரிப்பைத் தணிக்கும். அரிப்பு அதிகமாக இருந்தால், ஒவ்வாமைக்கான மாத்திரையை மருத்துவரிடம் கேட்டுச் சாப்பிடலாம். அந்த மாத்திரை தூக்கத்தைக் கொடுக்கும் என்பதால், சாப்பிட்டுவிட்டு மரம் ஏறுவது, வண்டி ஓட்டுவது கூடாது. குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் மருத்துவரைக் கேட்காமல் எதுவும் கொடுக்க வேண்டாம்.

அப்போது போட்டிருந்த துணியை உடனே மாற்ற வேண்டும். மற்ற துணிகளோடு கலக்காமல், தனியாகத் துவைக்க வேண்டும். ஒரே பக்கெட்டில் ஊறவைத்தால், வயலுக்கே போகாத பிள்ளைக்கும் அரிப்பு வரும்.

சுண்ணாம்பு, மண்ணெண்ணெய் இரண்டும் வேண்டாம். ஏற்கெனவே வெந்த தோலை அவை இன்னும் புண்ணாக்கும். சாணம், மண் தடவுவது இன்னும் மோசம். சொறிந்த இடத்தின் வழியாக ரணஜன்னி உள்ளே போக இடம் கொடுத்ததாகிவிடும். கம்பளித் துணியால் தேய்த்தால் ரோமம் வந்துவிடும் என்பதும் தவறு. அது ரோமத்தை உடைத்து உள்ளே தள்ளத்தான் உதவும். ஏதாவது இலைச்சாறு பூசித்தான் ஆக வேண்டும் என்றால், டேப் ஒட்டி எடுத்து, கழுவி முடித்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

சாதாரணமாக, நத்தைப்புழு பட்ட எரிச்சல் சில மணி நேரத்தில் அடங்கும். சிவப்பு ஒன்றிரண்டு நாள் இருக்கும். ரோம அரிப்பு சிலருக்கு ஒரு வாரம்கூட நீடிக்கும்.

கண்ணில் பட்டால் அன்றைக்கே ஆஸ்பத்திரி!

கம்பளிப்பூச்சியால் விவசாயக் குடும்பங்களுக்கு வரக்கூடிய நிரந்தர நஷ்டம், கண் பார்வைதான். மரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டே ஓலை வெட்டும்போது, தொரட்டியால் முருங்கை ஒடிக்கும்போது, காற்று அடிக்கும்போது ரோமம் கண்ணில் விழும். அரித்த கையாலேயே கண்ணைக் கசக்குவதாலும் போகும்.

கண்ணில் ஏறிய ரோமம், அதன் அம்பு போன்ற அமைப்பால் கருவிழிக்குள் துளைத்துக்கொண்டு போகும். இமையைச் சிமிட்டுவதும், கசக்குவதும் அதை இன்னும் உள்ளே தள்ளும். ரோமத்தைச் சுற்றிச் சிறு கட்டிகள் உண்டாகும்; கண் சிவந்து, நீர் வடிந்து, வெளிச்சத்தைப் பார்க்கவே கூசும். சிலருக்கு வாரங்கள், மாதங்கள் கழித்துக்கூட ரோமம் கண்ணின் உள்பகுதிக்குப் போய் வீக்கத்தைக் கொடுத்து, பார்வையைப் பாதிக்கும். கண் மருத்துவர்கள் இதற்கு ‘ஆப்தால்மியா நோடோசா’ என்று தனிப் பெயரே வைத்திருக்கிறார்கள்.

எனவே, கண்ணில் பட்டதாகச் சந்தேகம் வந்தாலே கசக்காமல், சுத்தமான தண்ணீரை ஊற்றிக் கண்ணைத் திறந்து வைத்துக் கழுவ வேண்டும். தாய்ப்பால், விளக்கெண்ணெய் விடுவது, துணி முனையால் துழாவி எடுக்கப் பார்ப்பது வேண்டாம். வீட்டில் கிடக்கும் பழைய சொட்டு மருந்தையும் போட வேண்டாம். அன்றைக்கே கண் மருத்துவரிடம் போக வேண்டும். அரசுத் தலைமை மருத்துவமனைகளின் கண் பிரிவில், ஸ்லிட் லாம்ப் என்ற நுண்ணோக்கிக் கருவியில் பார்த்து, ரோமத்தை ஒவ்வொன்றாக எடுப்பார்கள். ‘கம்பளிப்பூச்சி ரோமம் விழுந்தது’ என்பதைச் சொல்ல மறக்கக் கூடாது. சொன்னால்தான் அதைத் தேடிப் பார்ப்பார்கள். ஒருமுறை எடுத்துவிட்டார்கள் என்று நின்றுவிடாமல், வரச் சொன்ன நாளில் திரும்பப் போய்க் காட்டுவதும் முக்கியம்.

இந்த அறிகுறிகள் இருந்தால் காத்திருக்கக் கூடாது

மூச்சு வாங்குவது, நெஞ்சு இறுகுவது, உதடு, நாக்கு, முகம் வீங்குவது, உடம்பு முழுக்கத் தடிப்பது, தலைசுற்றி மயக்கம் வருவது, தொடர்ந்து வாந்தி எடுப்பது ஆகியவற்றில் எது இருந்தாலும் அது கடுமையான ஒவ்வாமை. உடனே 108-க்கு அழைக்க வேண்டும். ஏற்கெனவே ஆஸ்துமா இருப்பவர்கள், தேனீ, குளவி கொட்டி ஒருமுறை மயங்கியவர்கள் கூடுதல் எச்சரிக்கையாக இருப்பது நல்லது.

தவழும் குழந்தைகள் புழுவை எடுத்து வாயில் வைத்துக்கொள்வது உண்டு. அப்படி நடந்தால் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. ரோமம் தொண்டையில் மறுபடியும் குத்தும். வாயில் தெரியும் மிச்சத்தை மட்டும் ஈரத்துணியால் மெல்ல எடுத்துவிட்டு, மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். எச்சில் விழுங்க முடியாமல் வடிவது அபாய அறிகுறி.

வேலைக்குத் தகுந்த பாதுகாப்பு

முருங்கை ஒடிப்பவர்கள், மரத்தின் அடித்தண்டைச் சுற்றி ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். முழுக்கைச் சட்டை, தலையிலும் கழுத்திலும் துண்டு அவசியம். தொரட்டி பிடிப்பவர், மரத்தின் நேர் கீழே நிற்காமல், காற்று வரும் பக்கமாகத் தள்ளி நிற்க வேண்டும். கடையில் கிடைக்கும் சாதாரண வெள்ளைக் கண்ணாடி போட்டுக்கொண்டாலே கண்ணுக்குப் பாதி ஆபத்து குறையும்.

தென்னை ஏறுபவர்களுக்கு ஆபத்து இரட்டிப்பு. கீழே இருந்து பார்க்கும்போது மட்டைகள் கருகியதுபோல் இருந்தால், ஏறுவதற்கு முன்பே தோட்டக்காரர் அதைச் சொல்லிவிட வேண்டும். ‘புழு இருக்கு’ என்ற ஒரு வார்த்தை, ஒருவர் விழுவதைத் தடுக்கும். அப்படிப்பட்ட மரத்தில் ஏறாமல், நீளக் கம்பில் கட்டிய அரிவாளால் வெட்டுவது உத்தமம். ஏறித்தான் ஆக வேண்டும் என்றால், பாதுகாப்பு பெல்ட் உள்ள ஏறும் கருவியைப் பயன்படுத்த வேண்டும். வெட்டிப்போட்ட மட்டையை இழுப்பவர்களும், கீற்று பின்னுபவர்களும் அடிப்பக்கத்தைப் பார்த்துவிட்டுத் தொட வேண்டும்.

வெளியில் உலர்த்திய துணி, பாய், குழந்தையின் தொட்டில் சேலை ஆகியவற்றை மரத்தடியில் போடாமல் இருப்பதும், எடுக்கும்போது உதறுவதும் வீட்டில் உள்ளவர்கள் செய்யக்கூடிய சுலபமான பாதுகாப்பு.

கட்டுப்படுத்துவது எப்படி?

முருங்கைத் தண்டில் கூட்டமாக இருக்கும் புழுவைத் தீப்பந்தத்தால் பொசுக்குவது பழைய வழக்கம். புழு சாகும், ஆனால், சூட்டில் பறக்கும் ரோமம், பந்தம் பிடிப்பவரின் கண்ணிலும் மூச்சிலும் போகும். பட்டையும் வேகும். அதைவிட நல்ல வழி, முதலில் நனைப்பது. 10 லிட்டர் தண்ணீரில் 50 கிராம் காதி சோப்பைக் கரைத்து, கூட்டம் முழுக்க நனையும்படி தெளித்தால் ரோமம் பறக்காது. பிறகு, நீளக் கைப்பிடி கொண்ட துடைப்பத்தால் வழித்து, சோப்புத் தண்ணீர் உள்ள வாளியில் விழச் செய்து, குழி தோண்டிப் புதைத்துவிடலாம். பகலில் கூட்டமாக ஒட்டியிருக்கும் அதன் பழக்கம், நமக்குச் சாதகம். ஒரு மரத்துப் புழு மொத்தத்தையும் ஒரே நேரத்தில் பிடித்துவிடலாம்.

அதற்கும் முன்னால், முட்டைப் பருவத்திலேயே பிடித்தால் வேலை மிச்சம். மழை பெய்ததும் ஹெக்டேருக்கு ஒன்று என்ற கணக்கில் விளக்குப்பொறி வைத்தால், முட்டையிட வரும் அந்துப்பூச்சிகள் மாட்டும். இரவு 7 மணியிலிருந்து 10 மணி வரை எரிந்தால் போதும். விடிய விடிய எரிந்தால் நன்மை செய்யும் பூச்சிகளும் சாகும். காலையில் பொறியைச் சுத்தம் செய்யும்போது மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொள்ள வேண்டும். முட்டைக் குவியல் உள்ள இலைகளைக் கத்தரித்து அழிக்க வேண்டும். மரத்தைச் சுற்றி மண்ணைக் கொத்திவிட்டால், கூட்டுப்புழுக்கள் வெயிலிலும் பறவைகளிடமும் சிக்கும்.

புழு சின்னதாக இருக்கும்போது 5 சதவிகித வேப்பங்கொட்டைக் கரைசல் நன்றாக வேலை செய்யும். 5 கிலோ வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து, 10 லிட்டர் தண்ணீரில் இரவு முழுக்க ஊறவைத்து வடிகட்டி, 100 லிட்டராக்கி, 200 கிராம் சோப்புக் கரைசல் சேர்த்து மாலையில் தெளிக்க வேண்டும். ‘பி.டி’ என்று கடைகளில் கிடைக்கும் பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் என்ற பாக்டீரியா மருந்தும் இளம்புழுவுக்கு ஏற்றது. டப்பாவில் உள்ள அளவுப்படி, வெயில் தாழ்ந்த பிறகு தெளிக்கலாம். பட்டு வளர்ப்பவர்கள் மட்டும், மல்பெரி பக்கத்தில் இதைத் தெளிக்கவே கூடாது; பட்டுப்புழுவும் செத்துவிடும்.

தென்னை நத்தைப்புழுவுக்கு, முதலில் பாதிக்கப்படும் அடிமட்டைகளை வெட்டி, புழுவோடு அழிப்பது முதல் வேலை. தண்டிலும் மட்டை அடியிலும் உள்ள கெட்டிக்கூடுகளைக் குச்சியால் தட்டிச் சேகரித்து அழித்தால் அடுத்த தலைமுறை குறையும்.

பயத்தில் வீரியமான பூச்சிக்கொல்லியை அடிப்பதுதான் பலர் செய்யும் தவறு. நத்தைப்புழுவையும் கம்பளிப்புழுவையும் தேடி முட்டையிடும் ஒட்டுண்ணிக் குளவிகளும், அவற்றைத் தாக்கும் வைரஸ் நோய்களும் இயற்கையிலேயே உண்டு. மருந்தடித்தால் முதலில் சாவது அந்தக் குளவிகள்தான். அடுத்த ஆண்டு புழு இன்னும் கூடுதலாக வரும். அதோடு, முருங்கைக் கீரையும் காயும் வீட்டுச் சமையலுக்குப் போகிறது. காய்கறிப் பயிர்களில் பயன்படுத்தத் தடை உள்ள மோனோகுரோட்டோபாஸ் போன்றவற்றை, புழுவுக்குப் பயந்து முருங்கையில் அடித்தால், புழு கொடுத்திருக்காத தீங்கை நாமே வீட்டுக்குக் கொண்டுவருகிறோம்.

ஆடு, மாடுகளுக்கு?

கம்பளிப்புழு மண்டிய கிளையை ஒடித்து ஆட்டுக்குப் போட்டால், அதன் நாக்கிலும் உதட்டிலும் ரோமம் ஏறும். எச்சில் ஒழுகும், வாய் வீங்கும், தீவனம் எடுக்காது. ஐரோப்பாவில் பைன் மரத்தில் வரும் ஊர்வலக் கம்பளிப்புழுவை மோந்து பார்க்கும் நாய்களுக்கு, நாக்கின் ஒரு பகுதியே அழுகி விழுவது உண்டு. அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் 2001-ம் ஆண்டு, சினைக் குதிரைகள் கூட்டம் கூட்டமாகக் கரு கலைந்தன. புல்லோடு சேர்த்து அவை தின்ற கம்பளிப்புழுக்களே காரணம் என்று பிறகு கண்டறிந்தார்கள். எனவே, அகத்தி, முருங்கை, வாகை எதுவானாலும், கிளையைத் தரையில் தட்டி உதறிப் பார்த்துவிட்டுப் போடுவது நல்லது. வாயில் எச்சில் ஒழுகும் ஆட்டுக்கு நிறையத் தண்ணீரால் வாயைக் கழுவிவிட்டு, கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும். கோமாரி நோயிலும் எச்சில் ஒழுகும் என்பதால், புழுதான் என்று நாமே முடிவு கட்டிவிடக் கூடாது.

விவசாயிகள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகள்

புழு ஏறிய முருங்கைக் கீரையைச் சமைக்கலாமா?
புழு, அதன் தோல், எச்சம் ஒட்டிய கொத்தைத் தவிர்த்துவிட வேண்டும். மற்ற கீரையைக் கொத்தாகவே தண்ணீரில் முக்கி, இரண்டு மூன்று முறை தண்ணீரை மாற்றி அலசிய பிறகு உருவலாம். உலர்ந்த கொத்தை முகத்துக்கு நேராக உதறக் கூடாது.

தேங்காய், இளநீருக்குப் பாதிப்பு உண்டா?
நத்தைப்புழு தின்பது ஓலையை. காய்க்குள் அதன் நஞ்சு போகாது. ஆனால், ஓலை குறைந்தால் அடுத்தடுத்த பாளைகளில் மகசூல் குறையும்.

ஒருமுறை பட்டால் அடுத்த முறை பழகிவிடுமா?
பழகாது. சிலருக்கு ஒவ்வொரு முறையும் ஒவ்வாமை கூடிக்கொண்டே போகும். முதல்முறை கை மட்டும் தடித்தவருக்கு, அடுத்த முறை உடம்பெல்லாம் தடித்தால் அவர் அந்த வேலையிலிருந்து விலகி, மருத்துவரைப் பார்ப்பது நல்லது.

தொல்லையாக இருக்கிறதே, மரத்தையே வெட்டிவிடலாமா?
தேவையில்லை. முருங்கையில் புழு வருவது ஆண்டில் சில வாரங்கள்தான். மழைக்குப் பிறகு வாரம் ஒருமுறை தண்டையும் இளந்தண்டையும் பார்த்து, முட்டையிலும் இளம்புழுவிலும் பிடித்துவிட்டால், மரமும் மிஞ்சும், கீரையும் மிஞ்சும்.

வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்கு முன்பே, வீட்டில் ஒரு டப்பாவில் ஒட்டும் டேப், சோப்பு, கலமைன் லோஷன், ஒரு வெள்ளைக் கண்ணாடி ஆகியவற்றை எடுத்து வைத்துவிட்டால் போதும். வீட்டில் உள்ள பெரியவர் முதல் சிறியவர் வரை எல்லோருக்கும் சொல்லி வைக்க வேண்டியது மூன்றே விஷயங்கள்: தேய்க்காதே, டேப் ஒட்டி எடு, கண்ணில் பட்டால் அன்றைக்கே ஆஸ்பத்திரி.